மலைச்சரிவில் நீ வளர்த்த செடி

நேற்று சாயங்காலம் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் அந்த வாசனை வந்தது. கசக்கிய எலுமிச்சை இலையையும் நனைந்த சாக்கையும் ஒன்றாக வைத்தாற்போல ஒரு வாசனை. ஐந்தாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஐ.டி. தம்பதி என்னோடு ஏறினார்கள். "நமஸ்தே ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சிரித்தாள். வாசனை அவள் கணவனின் முதுகுப்பையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய நான் முதல் மாடியிலேயே பொத்தானை அழுத்தி இறங்கிவிட்டேன். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். மேலே லிஃப்ட் போகும் சத்தமும் அவர்கள் பேசிச் சிரிப்பதும் கேட்டன. பயம் என்பதே அவர்கள் பேச்சில் இல்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாததை உனக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வீட்டில் என் கணவரைத் தவிர யாருமில்லை. அவருக்கு நான் எழுதுவதைப் படிக்கும் பழக்கமும் இல்லை. இருந்தாலும் போட்டிருக்கிறேன்.

புனே வானவடியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு நீயும், நான் அண்ணன் என்று கூப்பிட்ட உன் கணவரும் வாடகைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. சாமான் இறக்குகிறவர்களிடம் நீ மராத்தியில் சத்தம் போட்டுவிட்டு, திரும்பி உனக்குள்ளே "தடிப்பசங்க, செடியத் தலைகீழா வெக்கிறானுங்க" என்றாய். முப்பது வருடம் புனேயில் இருந்தும், கிருஷ்ணகிரித் தமிழை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தமிழா?" என்றேன். "செடிக்குத் தமிழுதான் புரியும்" என்றாய்.

ஒரு விதைக் கம்பெனியின் வயலில் நீ இருபது வருடம் வேலை பார்த்திருந்தாய். தக்காளிப் பூவின் மொட்டைச் சின்ன இடுக்கியால் பிரித்து, ஆண் பகுதியை எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பாய். ஒரு நாளைக்கு ஆயிரம் பூ. உன் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தே இருந்தது. "எத்தினியோ தக்காளிக்கு நான்தான் தரகு" என்பாய்.

அண்ணனுக்குப் புனே பக்கத்துச் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிருந்தது. உணர்வு போனாலும் வலி போகவில்லை. ஒரு நாள் மதியம் நான் ரசம் கொண்டுவந்தபோது, அவர் கால்கள் இரண்டும் தாமாகவே முறுக்கிக்கொண்டு கட்டிலில் அடித்ததைப் பார்த்தேன். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நீ அவர் தொடைமேல் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பிடித்திருந்தாய். "பாத்திரத்த வெச்சிட்டுப் போ லதா. நீ பாத்தா அவருக்கு வெக்கம்" என்றாய்.

அவரோடு வேலை பார்த்த உத்தராகண்ட்காரர் ஒருவர் ஊரிலிருந்து, கஞ்சா இலையை அரைத்து உருட்டிய பாங் உருண்டை கொண்டுவந்து தந்தார். அன்றைக்கு அண்ணன் ஏழு மணி நேரம் தூங்கினார். அதே மனிதர் இன்னொரு பொட்டலமும் தந்திருந்தார், சட்னி அரைக்க. அவர்கள் ஊரில் கஞ்சா விதையை வறுத்து அரைப்பார்களாம், அதில் போதை கிடையாதாம். நீ அந்த விதைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாய்.

சட்னி அரைக்கவில்லை நீ.

அந்த ஆனி மாதம், "ஞாயித்துக்கிழம மலைக்கோயிலுக்கு வர்றியா, தொணைக்கு" என்று கேட்டாய். உன் ஸ்கூட்டியில் கோண்ட்வா தாண்டி, மலைச்சாலை ஏறி, உச்சியிலிருந்த அம்மன் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினாய். உண்ணிப்புதர்களுக்குள் நுழைந்து, சரிவில் இறங்கி, மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழும் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனாய். சாண் உயரத்தில் இருபது செடி. விரல் விரித்த கைகளைப்போல இலைகள்.

அது என்ன செடி என்று தெரிந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "நான் கவர்ன்மெண்ட் ஊழியர்டி."

"தெரியும். ஒன்ன செடியத் தொடச் சொல்லல. மேல ரோட்டுகிட்ட நில்லு. யாராச்சும் வண்டி நிறுத்துனா இருமு."

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கன்டோன்மெண்ட் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. என் மகள் நித்யா வங்கி வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தாள். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். அந்தச் செடியை வளர்த்தால் பத்து வருடம் வரை சிறை என்று இருந்தது. தேடியதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அதற்கும் பயந்து எல்லாவற்றையும் அழித்தேன். ஆனால் அந்த வாரமே தரைத்தளத்திலிருந்து கட்டில் அடிபடும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. அடுத்த ஞாயிறு அர்ச்சனைக் கூடையோடு கீழே வந்து நின்றேன். நீ ஹெல்மெட்டை மட்டும் நீட்டினாய். இந்த ஊரில் பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. நான் போடுவேன் என்று நீ ஒன்று வாங்கி வைத்திருந்தாய்.

அப்படியே மூன்று மழைக்காலம் போனோம்.

முதல் வருடம் எல்லாம் அழுகிப்போயின. மலைநாட்டு விதைக்குப் புனே மழை ஒத்துக்கொள்ளவில்லை, பூ திரண்டதும் உள்ளே சாம்பல் பூசணம் பிடித்தது. நீ துவண்டுபோவாய், இதோடு முடிந்தது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நீயோ அழுகாமல் மிஞ்சிய இரண்டு செடியைப் பற்றியே ஒரு வாரம் பேசினாய். ரயில்பாதை ஓரம் களையாக முளைத்திருந்த உள்ளூர்ச் செடி ஒன்றைத் தேடிப்பிடித்தாய். அடுத்த வருடம் இரண்டையும் கலந்தாய். என் பின்னல் கூடையிலிருந்து கம்பளி நூல் வாங்கிப்போய் கிளைகளில் கட்டினாய். நீலம் அம்மா, மஞ்சள் அப்பா, சிவப்பு சந்தேகம். நான் மேலே புதரோரம் நின்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்தையும் எண்ணினேன். பால் டெம்போ, பஸ், பைக். பைக் வேகம் குறைந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போலீஸ் ஜீப் ஒன்று ஒரு முறை கடந்து போனது. நிற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கோயில் பிரசாதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அம்மன் பேரில் பழி போட்டோமே என்று அதற்கு ஒரு பயம் தனியாக வந்தது.

அந்த இரண்டாம் வருடத்துச் செடியில் நீ எடுத்த எண்ணெய் அண்ணனுக்குக் கேட்டது. நான்கு மாதம் கட்டில் சத்தம் இல்லை. பிறகு ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைத்து அவர் போய்விட்டார்.

அழுதேன். அழுகையின் அடியில், இனி அந்த மலைக்குப் போக வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன் உன்னிடம்.

காரியம் முடிந்த மறுவாரம் மாடியேறி வந்து, "ஞாயித்துக்கிழம வர்றியா?" என்றாய்.

"அண்ணனே போயிட்டாரு. இனி யாருக்கு?"

"எனக்கு."

"நீ அதத் தொட்டதுகூடக் கிடையாதே."

"தின்னத்தான் செடியா?" என்றாய். பிறகு என் சமையல்மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாய். "இருபது வருசம் மகரந்தம் வெச்சேன் லதா. ஒரு வெதைக்காச்சும் பேரு வெக்க முடிஞ்சுதா? நம்பர் போட்ட பொட்டலமாப் போயிடும். இது மழைக்கு அழுகாத செடி. இன்னும் ஒரே மழை பாத்தாத் தெரிஞ்சிடும். என் கையில மொதமொதலா ஒண்ணு உருவாகுது. அது கஞ்சாவாப் போச்சு, அதுக்கு நான் என்னா பண்றது?"

எனக்குக் கோபம் வந்தது. நித்யாவுக்கு அப்போதுதான் வேலை உறுதியாகியிருந்தது, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். வலிக்கிற மனிதனுக்காகத் தப்புச் செய்ததை என்னால் தாங்க முடிந்தது. உன் ஆசைக்காகச் செய்வதை எப்படித் தாங்குவது? சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். "சரி, நீ வராத. நான் மட்டும் போறேன்" என்றாய்.

நீ தனியாகப் போவதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. வந்தேன்.

அந்த மூன்றாம் மழையில் அறிகுறிகள் வர ஆரம்பித்தன. ஒரு வாரம் செடிகளுக்குப் பக்கத்தில் பீடித் துண்டு கிடந்தது. இன்னொரு வாரம் சேற்றில் ஆண் செருப்புத் தடம். நான் அழுதே கேட்டேன், பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று. "ஆட்டுக்காரனா இருக்கும். வெத முத்த இன்னும் ரெண்டு வாரம்" என்றாய்.

கணபதி கரைத்த மறுவாரம் அது. காலை ஒன்பது மணி இருக்கும். நான் புதரோரம் சாலையைப் பார்த்து நின்றிருந்தேன். வண்டி ஒன்றும் வரவில்லை. எனக்குப் பின்னால், கீழே காட்டுக்குள்ளிருந்து ஆண்குரல் கேட்டது. வனக்காவலர்கள் மறுபக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள்.

இரும வேண்டும் என்று தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டேன். உண்ணிமுள் முதுகைக் கிழித்தது, ஊர்ந்து இன்னும் உள்ளே போனேன். "ஹே காய் லாவலய்?" என்று ஒருவன் கேட்டான், என்ன நட்டு வைத்திருக்கிறாய் என்று. நீ சொன்ன பதில் கேட்கவில்லை. செடிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உன்னைச் சாலைக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நான் ஒளிந்திருந்த இடத்திலிருந்து நீ பத்தடி தூரம். உன் செருப்பில் சேறு அப்பியிருந்தது தெரிந்தது.

"தும்ச்யாபரோபர் கோண் ஆஹே?" உன்னோடு யார் என்று மூத்தவன் கேட்டான்.

"கோணீ நாஹீ. எக்டீச் ஆஹே." யாருமில்லை, நான் மட்டும்தான்.

அவன் ஸ்கூட்டியைப் பார்த்தான். கண்ணாடியில் ஒரு ஹெல்மெட், கொக்கியில் ஒரு ஹெல்மெட். "மக தோன் ஹெல்மெட்?" அப்புறம் ஏன் இரண்டு ஹெல்மெட் என்று கேட்டான்.

நான் முகத்தை மண்ணோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏக் நவர்யாச்ச ஆஹே. தோ வார்லா" என்றாய். ஒன்று என் புருஷனுடையது, அவர் செத்துப்போய்விட்டார். குரல் உடைந்துதான் சொன்னாய். அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

பெண் போலீஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை உன்னைச் சாலையோரக் கல்லில் உட்கார வைத்திருந்தார்கள். நீ என் புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். திடீரென்று கைகூப்பி, உச்சிக் கோயிலைப் பார்த்துத் தமிழில் சத்தமாக வேண்ட ஆரம்பித்தாய். "ஆத்தா, நீ இருக்கிற எடத்துலயே இரு. எனக்காக எறங்கி வந்துடாத. ஒனக்குப் புள்ள இருக்குது. அசையாத ஆத்தா." காவலர்கள் உன்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எறும்பு என் கழுத்தில் ஏறியது. அசையவில்லை நான்.

ஜீப் போய் வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். கால் மரத்து விழுந்தேன். மலைச்சாலையில் நடந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கோயில் படியில் வழுக்கிவிட்டது என்றேன். கணவர் என் முதுகைப் பார்த்தார், மஞ்சள் அரைத்து வைத்தார். எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்விடுவேன். மராத்தி செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. உன் தம்பி ஊரிலிருந்து வந்து வக்கீல் பிடித்து அலைந்தார், இரண்டு மாதம். என் வீட்டுக்கும் வந்தார். "அக்கா எதுக்கு இப்படிப் பண்ணுச்சு, உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தண்ணீர் கொடுத்தேன்.

கட்டடக் கூட்டத்தில் உன்னைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போட்டேன். இருபத்தியோராவது பெயர்.

ஜாமீனில் வந்து, சாமானைக் கட்டிவிட்டு, நீ ஒரே ஒரு முறை என் வீட்டுக்கு ஏறி வந்தாய். பாதி உடம்பாக இருந்தாய். நான் பேசத் தொடங்குவதற்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினாய்.

"நீ வெளிய வந்திருந்தீன்னா நானே ஒன்ன அறைஞ்சிருப்பேன். அத விடு" என்றாய். கொஞ்சம் காப்பி குடித்தாய். "எனக்குன்னு பயம் வந்ததே இல்ல லதா. ரெண்டு பேருக்கும் சேத்து நீ பயந்துகிட்டிருந்த. உள்ள போனப்பறந்தான் தெரிஞ்சுது, பயம்னா என்னான்னு. எப்பிடி மூணு வருசம் அதோட என் வண்டியில ஏறுன?"

உன் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அந்தக் கையெழுத்து மட்டும் போடாம இருந்திருக்கலாம்."

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ கிருஷ்ணகிரியிலிருந்து ரயிலேறி வந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீதிமன்றம் இங்கிருந்து ஆட்டோவில் அரைமணி. ஒரு நாளும் நான் வரவில்லை. வழக்கு முடிவதற்கு முன்னாலேயே உனக்கு மூளையில் ரத்தம் கசிந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டாய். உன் தம்பி கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை, மூச்சு. வழக்கு முடிந்தது, இனி யாரும் என் பெயரைக் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நீளமான மூச்சு. அந்த மூச்சைவிட அசிங்கமான எதையும் நான் என் உடம்பில் அறிந்ததில்லை.

நேற்று லிஃப்ட்டிலிருந்து இறங்கி நின்றவள், வீட்டுக்குள் போய் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பருப்பு சேர்த்துக்கொண்டிருந்த சாதத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். கடைசியில், "முதுகு முழுக்க முள்ளு. கோயில் படியில ஏது முள்ளு?" என்றார். "தெரிஞ்சா நானும் பொய் சொல்லணும். அந்த பயத்துல கேக்கல." இத்தனை வருடம் ஒரே வீட்டில் இரண்டு பேர் பயந்திருக்கிறோம்.

இன்று காலை உன் தம்பிக்குப் போன் செய்தேன். எண்ணை மூன்று முறை அழுத்தி மூன்று முறையும் வைத்துவிட்டேன். நான்காவது முறை நான் வைப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். உங்கள் அக்கா தனியாக இல்லை, நானும் இருந்தேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். திட்டுவார் என்று கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். அவருக்குப் பின்னால் மாடு கத்தியது. பிறகு கேட்டார்:

"அக்கா ஜாமீன்ல வந்தப்போ ஒண்ணே ஒண்ணுதாங்க சொல்லுச்சு. மழையில எட்டு நாளு நின்னுச்சுடா, ஒரு பூ அழுகலன்னு. நானும் வெவசாயம் பண்றவன். கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தச் செடி எப்பிடிங்க இருந்துச்சு?"

எட்டு நாள் மழை விட்ட அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தார்ச்சாலையின் குறுக்கே மண் சரிந்து கிடந்தது. வளைவுக் கல்லில் வெள்ளைச் சுண்ணாம்பு பாதி கழுவிப்போயிருந்தது. பால் டெம்போ ஒன்று மட்டும் மெதுவாகக் கடந்து போனது, ஓட்டியவன் ஜன்னலில் சிவப்புத் துண்டு காயப்போட்டிருந்தான். இதையெல்லாம் சொல்ல முடிகிறது. செடியைச் சொல்ல முடியவில்லை. உயரமா, குட்டையா, பூ பச்சையா, கருஞ்சிவப்பா, எனக்குத் தெரியவில்லை. அன்று நீ கீழேயிருந்து கூப்பிட்டாய், "லதா, ஒரு நிமிசம் எறங்கி வந்து பாருடி, ஒரே நிமிசம்." பிறகு உன் சிரிப்புச் சத்தம் கேட்டது, சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாய் என்று புரிகிற மாதிரி, கட்டில்லாமல்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை.